கையெழுத்துக்கு முன் ஒரு விசாரிப்பு: குடும்ப வழக்கறிஞரை எப்போது நாட வேண்டும்?

கேமரன் மலையின் வடபகுதியில், திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையில் இருக்கிறது கோலா தெர்லா. மாவட்டம் பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. ஆனால் சிம்பாங் பூலாய் சாலை திறந்த பிறகு, தீபாவளித் துணிமணி, கல்யாணச் சாமான் என்று இங்குள்ள பலர் இறங்குவது பேராக்கின் ஈப்போவுக்குத்தான். கணவன் மனைவி விவகாரம் முற்றி விவாகரத்து வரை போய்விட்டால் நிலைமை வேறு. இஸ்லாம் அல்லாதவர்களின் விவாகரத்து வழக்கைக் கேட்கும் அதிகாரம் உயர்நீதிமன்றத்துக்கே உண்டு. பகாங்கின் உயர்நீதிமன்றங்கள் குவாந்தானிலும் தெமர்லோவிலும் இருக்கின்றன. தானா ராத்தாவில் உள்ள மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்க முடியாது.

இந்தத் தூரம், வழக்கறிஞர் கட்டணம், ஊர்ப் பேச்சு ஆகிய மூன்றும் சேர்ந்து, மலைத்தோட்டக் குடும்பங்களில் சட்ட ஆலோசனையைக் கடைசி நாள் வரை தள்ளிப்போட வைக்கின்றன. "வக்கீலிடம் போனால் குடும்பம் உடைந்துவிடும்" என்ற நம்பிக்கையும் வலுவாக இருக்கிறது. முதலில் கோயில் தலைவர், பிறகு மாமன் மச்சான், பிறகு தோட்டத்தில் செல்வாக்கு உள்ள ஒருவர் என்று பஞ்சாயத்து நடக்கும். எதுவும் ஒத்துவராத நிலையில், யாரோ நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்ட பிறகே வழக்கறிஞரைத் தேடுவார்கள். அதற்குள் பாதி விவகாரம் கைநழுவிப் போயிருக்கும்.

குடும்ப வழக்கறிஞர் தேவைப்படும் இடங்களும் உண்டு, தேவையே படாத இடங்களும் உண்டு. இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொண்டால் பணமும் மிஞ்சும், உரிமையும் மிஞ்சும். எல்லாவற்றுக்கும் பொதுவான விதி ஒன்றுதான்: திரும்பப் பெற முடியாத எந்தக் காரியத்தையும் செய்வதற்கு முன் ஒரு முறை விசாரிக்க வேண்டும்.

ஒரு குடும்பம், பல சட்டங்கள்

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். கணவர் தேயிலைத் தோட்டத்தில் லாரி ஓட்டுநர். மனைவி பக்கத்துப் பூந்தோட்டத்தில் நாள் சம்பளத்துக்கு வேலை செய்கிறார். குடியிருப்பது தோட்டம் கொடுத்த வீடு. ஈப்போவில் தவணை முறையில் ஒரு மலிவு விலை வீடு, கணவர் பெயரில். இரண்டு பிள்ளைகள். சேமிப்பு என்று சொன்னால் இ.பி.எஃப். எனப்படும் ஊழியர் சேமநிதி, பாட்டி காலத்து நகை, ஒரு பழைய கார். அவ்வளவுதான்.

இந்தக் குடும்பத்தில் பிரிவு வந்தால் கேள்விகள் வரிசையாக எழும். பிள்ளைகள் யாரிடம் வளர்வார்கள்? மாதச் செலவுக்கு யார், எவ்வளவு கொடுப்பார்? ஈப்போ வீட்டில் மனைவிக்குப் பங்கு உண்டா? தோட்டத்து வீடு கணவரின் வேலையோடு கட்டுப்பட்டது என்பதால், மனைவி எங்கே போவார்? அடிதடி நடந்திருந்தால் அன்றைய இரவுக்கு யார் பாதுகாப்பு?

இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சட்டம் இருக்கிறது. 1976ஆம் ஆண்டுச் சட்டச் சீர்திருத்த (திருமணம், மணவிலக்கு) சட்டம் 1982 மார்ச் 1 அன்று நடப்புக்கு வந்தது. இஸ்லாம் அல்லாதவர்களின் திருமணம், விவாகரத்து இரண்டுக்கும் இதுவே அடிப்படை. மனைவி, பிள்ளைகள் ஜீவனாம்சத்துக்கு 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. பிள்ளைகளின் காப்பாளர் உரிமைக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம். வன்முறைக்கு 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், சொத்தைப் பிரிக்க 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம்.

குடும்ப வழக்கறிஞரின் வேலை, ஒரு குடும்பத்தின் கதையைக் கேட்டு, எந்தப் பிரச்சினை எந்தச் சட்டத்தின் கீழ், எந்த அலுவலகத்துக்கு, எந்த வரிசையில் போக வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பது. நீதிமன்றத்தில் வாதாடுவது அதில் ஒரு பகுதிதான். உடன்படிக்கை எழுதுவது, எதிர்த்தரப்போடு பேசுவது, தத்தெடுப்பு, உயில், இறந்தவரின் சொத்து நிர்வாகம் ஆகியவையும் அவர் பணியில் அடங்கும்.

வழக்கறிஞர் இல்லாமலே செய்யக்கூடியவை

முதலாவது, திருமணப் பதிவு. தேசியப் பதிவு இலாகாவில் நேரடியாகச் செய்யலாம். துணைப் பதிவதிகாரி நியமனம் பெற்ற கோயில்களில், சடங்கோடு சேர்த்தே பதிவையும் முடிக்கலாம். 1982 மார்ச் 1க்கு முன் சமய வழக்கப்படி நடந்த திருமணங்கள் பதிவு செய்யப்பட்டதாகவே கருதப்படும். அந்தத் தேதிக்குப் பிறகு நடந்தவற்றுக்கு அந்தச் சலுகை இல்லை. தாலி கட்டி, மாலை மாற்றி, ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டிருந்தாலும் பதிவு இருந்தால்தான் அரசாங்க ஏட்டில் கணவன் மனைவி. "இருபது வருஷம் சேர்ந்து வாழ்ந்தோமே" என்ற வாதம் விவாகரத்து நீதிமன்றத்தில் எடுபடுவது மிகவும் கடினம்.

இரண்டாவது, சமரசப் பேச்சு. ஒருதலையாக விவாகரத்து கேட்பவர், நீதிமன்றம் போவதற்கு முன் சமரச அமைப்பிடம் விவகாரத்தைக் கொண்டுசெல்ல வேண்டும் என்கிறது சட்டத்தின் 106ஆம் பிரிவு. தேசியப் பதிவு இலாகா இதை நடத்துகிறது. அமைப்புக்கு ஆறு மாதக் காலவரையறை உண்டு. சமரசம் முடியாவிட்டால் அதற்கான சான்றிதழ் கொடுப்பார்கள். அதைக் கொண்டுதான் மனு போட முடியும். இந்தக் கூட்டத்தில் வழக்கறிஞர் தோன்றி வாதாடச் சட்டம் அனுமதிப்பதில்லை. கணவனும் மனைவியும் நேரில் பேச வேண்டும். குடும்பத்து உறுப்பினர் அல்லாத வேறு யாரும் பிரதிநிதியாக வர வேண்டுமென்றால் அமைப்பின் அனுமதி தேவை. எனவே இந்தக் கட்டத்துக்காக ஒருவர் "நானே வந்து பேசுகிறேன்" என்று பெரிய தொகை கேட்டால் யோசிக்க வேண்டும்.

இந்தச் சமரசக் கட்டத்துக்கு விலக்குகளும் உண்டு. துணை விட்டுவிட்டுப் போய், இருக்கும் இடமே தெரியாவிட்டால் விலக்கு. வெளிநாட்டில் வசித்து, ஆறு மாதத்துக்குள் திரும்பும் வாய்ப்பில்லை என்றாலும், மூன்று ஆண்டோ அதற்கு மேலோ சிறையில் இருந்தாலும், அழைத்தும் வேண்டுமென்றே வராவிட்டாலும் விலக்கு கிடைக்கும். தன் நிலைமை விலக்கில் வருமா என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு ஆலோசனை போதும். மாதக்கணக்கில் காத்திருப்பது மிச்சமாகலாம்.

மூன்றாவது, அவசரப் பாதுகாப்பு. அடி வாங்கிய இரவில் வழக்கறிஞரைத் தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. குடும்ப வன்முறைச் சட்டத்தில் 2017இல் செய்யப்பட்ட திருத்தம் 2018 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி சமூக நல அதிகாரி அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்கலாம். கேட்ட இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட வேண்டிய இந்த ஆணை ஏழு நாட்களுக்குச் செல்லும். இதற்குப் போலீஸ் புகார் முன்நிபந்தனை இல்லை. போலீஸ் விசாரணை நடக்கும்போது இடைக்காலப் பாதுகாப்பு ஆணையும், வழக்கு நீதிமன்றம் போன பிறகு பாதுகாப்பு ஆணையும் பெறலாம். உதவிக்கு அழைக்க 15999 என்ற தாலியான் காசே எண் இருக்கிறது.

தோட்டக் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இரண்டு விவரங்கள் இந்தச் சட்டத்தில் இருக்கின்றன. ஒன்று, பதிவு செய்யாமல் சமயச் சடங்குப்படி மட்டும் திருமணம் செய்தவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. விவாகரத்துச் சட்டம் கைகொடுக்காத பெண்ணுக்கும் வன்முறைச் சட்டம் கைகொடுக்கும். இரண்டு, வீடு யார் பெயரில் இருந்தாலும், தாக்கியவரை வெளியே இருக்கச் சொல்லி, பாதிக்கப்பட்டவரை வீட்டில் தங்க வைக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். "வீடு தோட்டம் அவருக்குக் கொடுத்தது, நான்தான் போக வேண்டும்" என்று நினைத்துப் பிள்ளைகளோடு இரவில் மலையிறங்கும் பெண்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு கையெழுத்து என்ன செய்யும்?

வழக்கறிஞரை நிச்சயம் பார்க்க வேண்டிய முதல் நேரம், "இருவரும் பேசி முடித்துக்கொள்வோம்" என்று ஒரு தரப்பு தாளை நீட்டும் நேரம். சட்டத்தின் 52ஆம் பிரிவு கூட்டு மனுவுக்கு வழி செய்கிறது. திருமணம் நடந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். இருவரும் மனமொத்துச் சம்மதிக்க வேண்டும். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தகுந்த ஏற்பாடு இருக்க வேண்டும். சண்டையில்லாமல், சமரச அமைப்புக்குப் போகாமல் முடிகிற வழி இது. இருவருக்கும் நல்லதுதான், நிபந்தனைகள் நியாயமாக இருந்தால்.

சிக்கல் நிபந்தனைகளில் இருக்கிறது. வழக்கறிஞரை அமர்த்துவது பெரும்பாலும் ஒரு தரப்பு. அவர் தயாரித்த தாளை மற்றவர் வாசித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்திடுகிறார். தாள் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருக்கிறது. "ஜீவனாம்சம் வேண்டாம்", "சொத்தில் உரிமை கோர மாட்டேன்" என்ற வரிகள் அதில் இருக்கலாம். எதிர்த்தரப்பு அமர்த்திய வழக்கறிஞர், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், தமக்கு ஆலோசனை சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல என்பதை மற்றவர் புரிந்துகொள்ள வேண்டும். அந்தத் தாளை வேறொரு வழக்கறிஞரிடம் காட்டி ஒரு மணி நேரம் கேட்பதற்கு ஆகும் செலவு, பிறகு அதை மாற்றப் போராடும் செலவோடு ஒப்பிட்டால் சிறியது.

எது பிறகு மாறும், எது மாறாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகளின் பராமரிப்பு, அவர்களுக்கான மாதத்தொகை இரண்டையும், சூழ்நிலை மாறினால் நீதிமன்றம் மீண்டும் பார்க்கலாம். சொத்துப் பங்கீடு அப்படியில்லை. விவாகரத்து ஆணையோடு சேர்த்துக் கேட்கப்பட வேண்டியது அது. விட்டுவிட்டுப் பின்னால் தனியாகக் கேட்கப் போனால் வழி மிகவும் குறுகிவிடும்.

2018 டிசம்பர் 15 அன்று நடப்புக்கு வந்த திருத்தம் இங்கே முக்கியம். திருமண வாழ்க்கையில் சேர்த்த சொத்தைப் பிரிக்கும்போது, வீட்டைக் கவனித்ததும் பிள்ளைகளை வளர்த்ததும் பங்களிப்பாகக் கணக்கில் வரும். திருமணம் எத்தனை ஆண்டு நீடித்தது என்பதும் பார்க்கப்படும். நீதிமன்றம் சமபங்கு நோக்கிச் சாய வேண்டும் என்பது சட்டத்தின் சொல். ஆகவே ஈப்போ வீட்டின் தவணையைக் கணவர் மட்டும் கட்டியிருந்தாலும், மனைவிக்கு அதில் ஒன்றுமில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதே திருத்தம், பிள்ளைகளுக்கான தொகை 18 வயதோடு நின்றுவிடாமல், மேற்கல்வி முடியும் வரை நீளவும் வழி செய்தது. பிள்ளையைப் பல்கலைக்கழகம் அனுப்பக் கனவு காணும் தோட்டத்துத் தாய்க்கு இந்த ஒரு வரி பெரிய விஷயம்.

விவாகரத்து வேண்டாம், சாப்பாட்டுக்குப் பணம் வேண்டும்

எல்லாரும் பிரியத்தான் விரும்புகிறார்கள் என்பதில்லை. கணவர் சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ வேலைக்குப் போய்ப் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டார். மனைவிக்கு விவாகரத்தில் விருப்பமில்லை. இந்த நிலையில் 1950ஆம் ஆண்டு ஜீவனாம்சச் சட்டத்தின் கீழ், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மாதத்தொகை கேட்டு மனு போடலாம். இதற்கு உயர்நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை. கீழ்நிலை நீதிமன்றமே கேட்கும். திருமணம் பதிவு செய்யப்படாத நிலையில் பிறந்த பிள்ளைக்கும் தந்தையிடம் தொகை கேட்க இந்தச் சட்டத்தில் இடம் உண்டு.

உத்தரவு வந்த பிறகும் பணம் வராவிட்டால், 1968ஆம் ஆண்டின் அமலாக்கச் சட்டப்படி, முதலாளியே சம்பளத்தில் பிடித்துக் கட்டும்படி ஆணை வாங்கலாம். மாதச் சம்பளக்காரருக்கு இது நன்றாக வேலை செய்யும். நாள் கூலிக்கும் சொந்தக் காய்கறித் தோட்டத்துக்கும் இதைச் செயல்படுத்துவது சிரமம். கணவருக்கு என்ன வகை வருமானம் என்பதைப் பொறுத்து எந்த வழி சரி என்று வழக்கறிஞர் சொல்லுவார்.

காலக்கெடுவும் உண்டு. விவாகரத்துச் சட்டத்தின் கீழ் உத்தரவான ஜீவனாம்சம் பாக்கி விழுந்தால், வழக்குப் போடும் நாளுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய பாக்கியை வசூலிக்க முடியாது. "இருக்கட்டும், பிள்ளைகள் பெரியவர்கள் ஆனதும் மொத்தமாகக் கேட்கலாம்" என்று பொறுத்திருப்பவர் அந்தப் பணத்தை இழக்கிறார்.

பதிவில்லாத் திருமணம், குடியுரிமை இல்லாப் பிள்ளை

பதிவின்மை விவாகரத்தில் மட்டும் கடிப்பதில்லை. ஒருவர் உயில் இல்லாமல் இறந்தால், மனைவியும் பிள்ளைகளும் பெற்றோரும் உயிரோடு இருக்கும் நிலையில் மனைவிக்கு நான்கில் ஒரு பங்கு, பெற்றோருக்கு நான்கில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி என்கிறது பகிர்வுச் சட்டம். பெற்றோர் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. ஆனால் "மனைவி" என்று நிரூபிக்கத் திருமணச் சான்றிதழ் வேண்டும். சொக்சோ ஓய்வூதியம் கேட்கப் போனாலும் முதலில் கேட்கப்படும் தாள் அதுதான்.

பிள்ளைகள் பக்கம் விளைவு இன்னும் கடுமையானது. கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணைப்படி, சட்டப்படியான திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையின் குடியுரிமை தாயைப் பின்பற்றும். தாய் மலேசியக் குடியுரிமை இல்லாதவராக இருந்தால், தந்தை மலேசியராக இருந்தும் பிள்ளை குடியுரிமையில்லாமல் நிற்க நேரிடும். வெளிநாட்டுக் கடப்பிதழ் உள்ள பெண்ணைக் கோயிலில் மணந்து, பதிவைத் தள்ளிப்போட்ட குடும்பங்கள், பிள்ளை பள்ளியில் சேரும்போதுதான் விழித்துக்கொள்கின்றன. பெற்றோர் பிறகு பதிவு செய்தால், 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி பிள்ளை சட்டப்படியான பிள்ளை ஆகலாம். ஆனால் குடியுரிமை அதோடு தானாக வந்துவிடாது. இது பாரத்தை நிரப்பி முடிக்கும் விவகாரம் அல்ல. அனுபவமுள்ள வழக்கறிஞர் கட்டாயம் தேவைப்படும் இடம்.

உறவில் ஒரு பிள்ளையை எடுத்து வளர்ப்பதும் தோட்டங்களில் சாதாரணம். இதற்கு 1952ஆம் ஆண்டில் வந்த இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. ஒன்றின்படி, இரண்டு ஆண்டு வளர்த்த பிறகு தேசியப் பதிவு இலாகாவில் பதிவு செய்யலாம், வழக்கறிஞர் தேவையில்லை. மற்றொன்று நீதிமன்றம் வழியாகச் செல்வது. பிள்ளைக்குச் சொந்தப் பிள்ளையின் நிலையைக் கொடுப்பது. முதல் வழியில் வாரிசுரிமை தானாகக் கிடைக்காது. எது தேவை என்று முடிவு செய்வதற்கு முன் விசாரிப்பது நல்லது.

இந்திரா காந்தி வழக்கு சொல்லித்தருவது

குடும்ப வழக்கு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு, மலைக்கு அடிவாரத்தில் உள்ள ஈப்போவிலேயே சான்று இருக்கிறது. பாலர் பள்ளி ஆசிரியையான எம். இந்திரா காந்தியின் கணவர் 2009இல் இஸ்லாத்தைத் தழுவினார். மூன்று பிள்ளைகளையும் தாய்க்குத் தெரியாமல் மதம் மாற்றினார். கடைசிக் குழந்தை பிரசன்னா டிக்சாவுக்கு அப்போது பதினொரு மாதம். அவளை அவர் தம்மோடு கொண்டு சென்றுவிட்டார்.

ஷரியா நீதிமன்றம் பிள்ளைகளைத் தந்தையிடம் கொடுத்தது. ஈப்போ உயர்நீதிமன்றம் 2010இல் தாயிடம் கொடுத்தது. 2013 ஜூலையில் அதே உயர்நீதிமன்றம் பிள்ளைகளின் மதமாற்றச் சான்றிதழ்களை ரத்து செய்தது. 2015 டிசம்பர் 30 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதை மாற்றியது. 2018 ஜனவரி 29 அன்று கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக இந்திராவின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். சிவில் சட்டப்படி திருமணம் செய்த பெற்றோரின் வயது வராத பிள்ளையை மதம் மாற்ற, உயிரோடிருக்கும் தாய், தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் நீண்ட போராட்டம் அது. இந்திராவுக்காக வாதாடிய வழக்கறிஞர்களில் ஒருவர், பின்னாளில் அமைச்சரான எம். குலசேகரன்.

இதற்கிடையே நாடாளுமன்றத்திலும் ஒரு முயற்சி நடந்தது. இத்தகைய சூழலில் பிள்ளையின் மதத்தை ஒரு பெற்றோர் மட்டும் மாற்ற முடியாது என்று சொல்லும் 88ஏ என்ற பிரிவு, 2016இல் கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தத்தில் இருந்தது. 2017 ஆகஸ்டில் அது கைவிடப்பட்டு, மற்றத் திருத்தங்கள் மட்டும் நிறைவேறின. எனவே இன்று இந்தப் பாதுகாப்பு நிற்பது நீதிமன்றத் தீர்ப்பின் மேல்தான். பெர்லிஸ் மாநிலம் தொடர்பான லோ சியூ ஹோங் வழக்கில், 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஒருதலை மதமாற்றம் செல்லாது என்றது. அதை எதிர்த்து மேலும் முறையிட, அதே ஆண்டு மே மாதத்தில் கூட்டரசு நீதிமன்றம் அனுமதி மறுத்தது. பாதுகாப்பு வலுப்பட்டிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு தாய் வழக்குப் போட்டால்தான் அது உயிர் பெறுகிறது என்பதும் உண்மை.

சட்டப் புத்தகத்தில் மாறியதும் உண்டு. முன்பு ஒருவர் மதம் மாறினால், மாறாத துணைதான் விவாகரத்து கேட்க முடியும். 2018 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு இருவரில் யாரும் கேட்கலாம், சேர்ந்தும் கேட்கலாம். மாறியவர் விவாகரத்துக்கு முன்பே இறந்துவிட்டால், அவருடைய சொத்தில் மாறாத துணையும் பிள்ளைகளும் பெற்றோரும் பங்கு கேட்கவும் வழி வந்துள்ளது.

இந்த வழக்கிலிருந்து சாதாரணக் குடும்பம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடங்கள் இரண்டு. முதலாவது வேகம். பிள்ளை கையை விட்டுப் போன பிறகு வாங்கும் உத்தரவைவிட, போவதற்கு முன் வாங்கும் இடைக்கால உத்தரவு பல மடங்கு பயன் தரும். துணை மதம் மாறிவிட்டார், பிள்ளையை வேறு மாநிலத்துக்கோ வெளிநாட்டுக்கோ கொண்டுபோகப் பார்க்கிறார் என்று தெரிந்த அன்றே வழக்கறிஞரிடம் போக வேண்டும். இந்த இடத்தில் பஞ்சாயத்துக்கு நேரமில்லை. இரண்டாவது, தீர்ப்பு வேறு, அதன் நிறைவேற்றம் வேறு. தந்தையைக் கைது செய்யும் ஆணையை நிறைவேற்றும்படி 2016 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றமே போலீஸ் படைத் தலைவருக்கு உத்தரவிட்டது. இருந்தும் மகளைக் காணாமல் அந்தத் தாயின் ஆண்டுகள் ஓடின. நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் வென்றவருக்கே இந்த நிலை. ஆகவே வழக்கறிஞரிடம் "ஜெயிப்போமா?" என்று கேட்பதோடு, "ஜெயித்த பிறகு இதை எப்படி நிறைவேற்றுவது?" என்றும் கேட்க வேண்டும்.

பணம் இல்லாதவர் என்ன செய்வார்?

1971ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டத்தின் கீழ் இயங்கும் அரசாங்கச் சட்ட உதவி இலாகா, விவாகரத்து, ஜீவனாம்சம், பிள்ளைப் பராமரிப்பு வழக்குகளை எடுத்துக்கொள்கிறது. வருமானச் சோதனை உண்டு. தகுதி பெற்றால் சிறு தொகையில், அல்லது இலவசமாகவே, வழக்கறிஞர் கிடைப்பார். பகாங் மாநில அலுவலகம் குவாந்தானில் இருக்கிறது. வழக்கறிஞர் மன்றமும் தனியாகச் சட்ட உதவி மையங்களை நடத்துகிறது. தேசியச் சட்ட உதவி அறவாரியம் என்ற பெயரையும் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அது குற்றவியல் வழக்குகளுக்காக ஏற்பட்டது, விவாகரத்துக்கு அங்கே போய்ப் பயனில்லை.

தனியார் வழக்கறிஞரை அமர்த்துவதாக இருந்தால் சில எச்சரிக்கைகள் தேவை. அவர் பெயர் மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கலாம், இதற்குச் செலவில்லை. "எனக்கு வக்கீலைத் தெரியும்" என்று இடையில் நின்று பணம் வாங்கும் தரகரிடம் ஒரு சென்கூடக் கொடுக்கக் கூடாது. "வென்றால் மட்டும் பணம் கொடு" என்ற ஏற்பாட்டை வழக்கறிஞர் தொழில் சட்டம் அனுமதிப்பதில்லை. அப்படிப் பேசுபவரிடம் கவனமாக இருக்க வேண்டும். கட்டணம் எந்த வேலைகளுக்கு, எந்தக் கட்டம் வரை, நீதிமன்றச் செலவு உள்ளடக்கமா என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ரசீது கேட்க வேண்டும்.

முதல் சந்திப்புக்கு வெறுங்கையோடு போனால், அந்த நேரம் கதை சொல்வதிலேயே கழிந்துவிடும். திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை நகல்கள், இருவரின் சம்பளச் சீட்டு, வீட்டுக் கடன் கடிதம், இ.பி.எஃப். கணக்கு விவரம், போலீஸ் புகார் அல்லது மருத்துவமனைத் தாள் இருந்தால் அவை, தேதி போட்டு எழுதிய ஒரு பக்கக் குறிப்பு ஆகியவற்றை ஒரு கோப்பில் கொண்டுபோக வேண்டும். அந்தக் கோப்பின் நகல் தோட்டத்து வீட்டுக்கு வெளியே, நம்பிக்கையான அக்காளிடமோ அண்ணனிடமோ இருப்பது பாதுகாப்பு.

விவாகரத்து ஆணை கிடைத்த பிறகும் சில வேலைகள் பாக்கி இருக்கும். முதலில் வருவது இடைக்கால ஆணை. நீதிமன்றம் காலத்தைக் குறைக்காவிட்டால், மூன்று மாதம் கழித்துத்தான் அது முழு ஆணையாகும். அதற்குள் மறுமணம் செய்ய முடியாது. இ.பி.எஃப். கணக்கிலும் காப்புறுதியிலும் யார் பெயரை வாரிசாகக் குறித்திருக்கிறது என்று பார்த்து மாற்றுவதும் தனி வேலை. விவாகரத்து அதைச் செய்து கொடுக்காது.

கோயில் பஞ்சாயத்தும் பெரியவர்களின் சமரசமும் பல குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கின்றன; இனியும் காப்பாற்றும். அதை விட்டுவிட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. சமரசக் கட்டத்தில் வழக்கறிஞரையே ஒதுக்கி வைத்து, கணவனும் மனைவியும் பேசட்டும் என்று சொல்வதும் அதே சட்டம்தான். ஆனால் பெரியவர்கள் பேசித் தீர்க்க முடியாதவை சில உண்டு. பிள்ளையின் குடியுரிமை, வீட்டுப் பத்திரத்தில் உள்ள பெயர், இரவில் விழும் அடி, யாரோ நீட்டும் தாள் ஆகியவை அந்த வகை. இவற்றில் ஏதாவது ஒன்று வாசலுக்கு வந்துவிட்டால், கோலா தெர்லாவிலிருந்து ஈப்போவுக்கோ குவாந்தானுக்கோ ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் போய் வருவது நஷ்டம் ஆகாது. பேனாவை எடுப்பதற்கு முன் அந்தப் பயணம் நடக்க வேண்டும்.